மாயவரம் ஜங்ஷனும் வராத உள்ளூர் ரயிலும்

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. மயிலாடுதுறை (பழைய பெயர் மாயவரம்) ஜங்ஷன் எப்போது, எதற்காக வந்தது, ஒருகாலத்தில் அங்கிருந்து நாலு பக்கமும் ரயில் போனதாகத் தாத்தா சொல்வது உண்மையா என்பது முதலாவது. கும்பகோணத்துக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் உங்களுக்கு, சென்னைக் கடற்கரை–தாம்பரம் மாதிரி வேண்டாம், மணிக்கு ஒரு உள்ளூர் ரயிலாவது ஏன் கிடைக்கவில்லை என்பது இரண்டாவது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் முதல் கேள்விக்கான பதிலுக்குள்தான் இரண்டாவதற்கான பதிலும் இருக்கிறது. அதனால் பழைய கதையிலிருந்தே வருகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் டெல்டா பக்கத்து ஸ்டேஷன்களில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ரயிலை ஓட்டுவது, நிறுத்துவது, ஒன்றுக்கொன்று வழிவிட வைப்பது, இதுதான் நான் கற்ற தொழில். ஆகவே இயக்கம் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். பாலம் கட்ட எவ்வளவு ஆகும், எந்தத் திட்டத்துக்கு எப்போது பணம் ஒதுக்குவார்கள் என்பதெல்லாம் வேறு துறைக்காரர்கள் சொல்ல வேண்டியவை. அதில் நான் கருத்துச் சொன்னால் அதைக் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டெல்டாவுக்கு ரயில் வந்தது மாயவரத்தின் வழியாக அல்ல. முதலில் வந்தது நாகப்பட்டினம் பாதை. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனி நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து திருவாரூர், நீடாமங்கலம் வழியாக 1861ல் தஞ்சாவூருக்கும், 1862ல் திருச்சிக்கும் பாதை போட்டது. அது அகலப் பாதை. பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அதே பாதையைப் பெயர்த்து மீட்டர் கேஜாக, அதாவது தண்டவாள இடைவெளி ஒரு மீட்டரே உள்ள பாதையாக, மாற்றினார்கள், நூறு வருஷத்துக்கு மேல் கழித்து மறுபடியும் அகலப் பாதையாக்கினார்கள். அந்தக் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வேயும் 1874ல் இணைந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆனது. இந்தப் புதிய கம்பெனி சென்னையையும் தஞ்சாவூரையும் இணைக்கப் போட்ட மீட்டர் கேஜ் பாதையில்தான் 1877ல் மாயவரத்துக்கு ரயில் வந்தது. முதலில் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து, பிறகு கொள்ளிடத்தைத் தாண்டிச் சிதம்பரம், கடலூர் என்று வடக்கே போயிற்று. மதராஸ் மாகாணமே தாது வருஷப் பஞ்சத்தில் வாடிய காலம் அது.

எதற்காக இந்த வழி என்று கேட்டிருந்தீர்கள். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தஞ்சாவூரிலிருந்து மாயவரம் வரை பாதை ஆறுகளுக்கு இணையாக, மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. டெல்டாவின் ஆறுகள் எல்லாம் கிழக்கு நோக்கித்தான் போகின்றன. ஆற்றோடு சேர்ந்து போனால் பெரிய பாலங்கள் குறையும். பாபநாசம், கும்பகோணம், திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம் என்று காவிரிக்கரை ஊர்கள் எல்லாம் ஒரே கோட்டில் கிடைத்துவிடும். நெல், கோயிலுக்குப் போகிறவர்கள், கடல் கடந்து பிழைக்கப் போகிறவர்கள், இந்த மூன்றையும் நம்பித்தான் கம்பெனி கணக்குப் போட்டது. ஊரிலிருந்து பக்கத்து ஊருக்குத் தினமும் போய்வருகிறவர் அந்தக் கணக்கில் பெரிதாக இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து மெயின் லைன் உண்மையிலேயே மெயின் லைன்தான். சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களில் பெரும்பாலோர் மாயவரத்தைத் தொட்டுத்தான் போனார்கள். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் கொழும்பிலிருந்து திரும்பி, கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போனபோது, மாயவரம் நடைமேடையிலேயே மக்கள் கூடி வரவேற்பு கொடுத்தார்கள். இது அவர் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1914ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் தொடங்கிய பிறகு, எழும்பூரிலிருந்து கிளம்பிய போட் மெயிலில் இலங்கைக்குப் போனவர்களும் இந்த வழியாகத்தான் போனார்கள். உங்கள் தாத்தா போட் மெயில் பற்றிச் சொன்னது கட்டுக்கதை இல்லை.

இனி அந்த நாலு பக்கம். வடக்கே விழுப்புரம், மேற்கே தஞ்சாவூர், இரண்டும் மெயின் லைன். மூன்றாவது தெற்கே திருவாரூர். இதன் கதையைப் பலர் அறிந்திருக்கவில்லை, அதனால் சற்று விரித்துச் சொல்கிறேன். இந்தப் பாதைக்குப் பணம் போட்டது கம்பெனி அல்ல, தஞ்சாவூர் ஜில்லா போர்டு, அதாவது அந்தக் காலத்து மாவட்ட உள்ளாட்சி அமைப்பு. நிலவரியோடு சேர்த்து ஒரு தனி வரி வசூலித்து, அதாவது நம் மிராசுதாரும் குடியானவரும் கட்டிய காசைச் சேர்த்து, மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 1894ல் பாதை திறந்தார்கள். பிறகு அது பட்டுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நீண்டது. ரயிலை ஓட்டியது சவுத் இந்தியன் ரயில்வே, பாதை ஜில்லா போர்டுக்குச் சொந்தம். மதராஸ் மாகாணத்தில் இப்படி ஒரு ஜில்லா போர்டு தன் மக்களுக்காகப் பாதை போட்டதில் தஞ்சாவூர் முன்னோடி என்பதில் சந்தேகமில்லை. இந்தியாவிலேயே முதல் என்றும் சிலர் எழுதுகிறார்கள், அதை மேற்கோள் காட்டுவதற்கு முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர் மக்களுக்காகவே பிறந்த பாதை டெல்டாவில் உண்டென்றால் அது இதுதான். இது தெற்கு வடக்காக ஓடுவதால் வீரசோழன், நாட்டாறு, அரசலாறு, திருமலைராஜன், முடிகொண்டான் என்று ஒவ்வொரு ஆற்றையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. முப்பத்தொன்பது கிலோமீட்டர்தான் திருவாரூர், ஆனால் அதற்குள் எத்தனை பாலம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். வழியில் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898ல் ஒரு கிளையும் போனது.

நாலாவது கிழக்கே தரங்கம்பாடி. 1926ல் திறந்த கிளை, சுமார் முப்பது கிலோமீட்டர். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்று போய்க் கடற்கரையில் முடியும். 1986ல் மூடினார்கள். வருமானம் இல்லை என்பது அதிகாரபூர்வமாகச் சொன்ன காரணம். பஸ் முதலாளிகள் அழுத்தம் கொடுத்ததாக, இன்ன கட்சிக்காரர் கண்டுகொள்ளாமல் விட்டதாக ஊரில் பல பேச்சு உண்டு, அதற்கு ஆதாரம் கேட்டால் யாரும் காட்டியதில்லை. என் தொழில் அனுபவத்தில் சொல்வதானால், பக்கத்திலேயே நல்ல தார்ச்சாலையும் அடிக்கடி பஸ்ஸும் வந்த பிறகு, நாளைக்குச் சில தடவை மட்டும் மெதுவாகப் போகிற ரயிலில் கூட்டம் குறையத்தான் செய்யும். கூட்டம் குறைகிறது என்று ரயிலைக் குறைப்பார்கள், ரயில் குறைந்ததும் மிச்சக் கூட்டமும் பஸ்ஸுக்குப் போய்விடும். கிளைப் பாதைகள் பெரும்பாலும் இப்படித்தான் மூடப்பட்டன. காரைக்கால் கிளையும் அதே காலத்தில் போயிற்று, ஆனால் அதை இப்போது அகலப் பாதையாகத் திரும்பப் போட்டிருக்கிறார்கள்.

மாயவரத்தின் முக்கியத்துவம் குறையத் தொடங்கியது இதற்கெல்லாம் வெகு முன்பே. 1920களின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்கு கார்டு லைன் என்ற குறுக்குப் பாதையைத் திறந்தார்கள். எழும்பூரிலிருந்து திருச்சிக்கு மெயின் லைனில் சுமார் 400 கிலோமீட்டர், கார்டு லைனில் சுமார் 337. அறுபது கிலோமீட்டருக்கு மேல் மிச்சம் என்றால் எந்த நிர்வாகமும் வேகமான ரயிலை அந்தப் பக்கம்தான் விடும். பின்னாளில் வந்த பாண்டியன், வைகை, பல்லவன் எல்லாம் கார்டு லைன் ரயில்கள். மீட்டர் கேஜ் காலத்திலேயே மின்பாதை விழுப்புரம் வரை வந்து நின்றுவிட்டது. இன்றைக்குக் கார்டு லைன் இரட்டைப் பாதை. விழுப்புரத்திலிருந்து மாயவரம் வழியாகத் தஞ்சாவூர் வரை சுமார் 192 கிலோமீட்டர் இன்னும் ஒற்றைப் பாதை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒரே வரியில் பதில் வேண்டுமானால் இந்த ஒற்றைப் பாதைதான்.

அதற்கு முன் கேஜ் மாற்றத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்து மக்களின் ரயில் பழக்கத்தை உடைத்தது அதுதான். 1992க்குப் பிறகு எல்லாப் பாதையையும் அகலப் பாதையாக்கும் திட்டம் வந்தது. கொள்கையில் தவறில்லை. மீட்டர் கேஜை வைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கோ மைசூருக்கோ நேராகப் போயிருக்க முடியாது. ஆனால் டெல்டாவில் அதைத் துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டையும் வருஷக்கணக்கில் மூடிவைத்துச் செய்தார்கள். விழுப்புரம்–மயிலாடுதுறை 2006 இறுதியில் மூடி 2010ல்தான் திறந்தது. மயிலாடுதுறை–திருவாரூர் 2012ல் முடிந்தது. திருவாரூரிலிருந்து பட்டுக்கோட்டை வரை 2019ல்தான் ரயில் திரும்ப ஓடியது. நாலு வருஷம் ரயில் இல்லாத ஊரில் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளை பஸ் பாஸ் வாங்கிவிடும், வேலைக்குப் போகிறவர் பைக் வாங்கிவிடுவார். ரயில் திரும்ப வரும்போது அவர்கள் உடனே திரும்பி வருவதில்லை. பட்டுக்கோட்டைப் பாதை திறந்த புதிதில் கேட்கீப்பர் போதாமல், கேட்டைத் திறந்து மூடும் ஆட்களை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு, கேட்டுக்குக் கேட் நின்று நின்று போனது. அப்படி ஓடிய ரயிலில் யார் நம்பி ஏறுவார்கள்?

இனி ஒற்றைப் பாதையில் ரயில் எப்படி ஓடுகிறது என்பதற்கு வருகிறேன். மீட்டர் கேஜ் காலத்தில் எங்கள் அறையில் நீல்ஸ் டோக்கன் கருவி என்று ஒன்று இருக்கும். பித்தளை, இரும்பு, மணி எல்லாம் சேர்ந்த கனமான பெட்டி. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் தன் கருவியை அழுத்திச் சம்மதம் கொடுத்தால்தான் என் கருவியிலிருந்து ஒரு இரும்புப் பந்து உருண்டு வெளியே வரும். அதில் இரண்டு ஸ்டேஷன் பெயரும் பொறித்திருக்கும். அந்தப் பந்தைத் தோல் பையில் போட்டு, பையைப் பிரம்பு வளையத்தில் கட்டி, நடைமேடை ஓரத்தில் நின்று நீட்டுவோம். நிற்காத ரயிலாக இருந்தால் ஃபயர்மேன் கையை வளையத்துக்குள் விட்டு அள்ளிக்கொண்டு போவார், பழைய வளையத்தைக் கீழே எறிந்துவிட்டுப் போவார். அந்தப் பந்து கையில் இல்லாமல் டிரைவர் ஒரு அடி நகர மாட்டார். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இரு பக்கக் கருவியிலும் இன்னொரு பந்து வராது. ஆகவே இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே எப்போதும் ஒரே ரயில்தான். இப்போது பந்து போய்விட்டது, பேனலும் கலர் லைட் சிக்னலும் வந்துவிட்டன. ஆனால் அடிப்படை விதி அதேதான். எதிரும் புதிருமாக வருகிற இரண்டு ரயில், லூப் லைன், அதாவது ஒரு ரயில் ஒதுங்கி நிற்கப் போட்ட பக்கத் தண்டவாளம், இருக்கிற ஸ்டேஷனில் மட்டும்தான் ஒன்றையொன்று தாண்ட முடியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்படித் தாண்டும் கிராஸிங் வசதியுள்ள இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று வையுங்கள். பாசஞ்சர் நடுவில் ஒரு ஹால்ட்டில், அதாவது லூப் இல்லாத சின்ன நிறுத்தத்தில், நின்று போனால் அந்தத் துண்டைக் கடக்கப் பதினைந்து நிமிஷம். பிறகு அடுத்த ஸ்டேஷனிடம் சம்மதம் (லைன் கிளியர்) கேட்டு, தண்டவாளம் பிரியும் பாயிண்டை மாற்றி, சிக்னல் போட இன்னும் சில நிமிஷம். ஆக அந்தத் துண்டில் மணிக்கு மூன்று ரயில் போனாலே அதிகம், அதுவும் இரு திசைக்கும் சேர்த்து. நீங்கள் கேட்கிற மணிக்கு ஒரு உள்ளூர் ரயில் என்பது போக ஒன்று, வர ஒன்று, இரண்டு இடம். மிச்சம் ஒன்றில்தான் சோழன், உழவன், செந்தூர், கோயம்புத்தூர் ஜன் சதாப்தி, மைசூர் ரயில், செங்கோட்டை ரயில் எல்லாம் போக வேண்டும். போதாக்குறைக்கு அகலப் பாதை வந்தபோது சில பழைய கிராஸிங் ஸ்டேஷன்களை ஹால்ட்டாகக் குறைத்துவிட்டார்கள். ஹால்ட்டில் ரயில் நிற்கலாம், வழிவிட முடியாது. உங்கள் பாசஞ்சர் ஆடுதுறையிலோ குத்தாலத்திலோ காரணமில்லாமல் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எதிரே வருகிற ரயிலுக்காகத்தான் நிற்கிறது. எதிர் ரயில் பத்து நிமிஷம் தாமதமென்றால் நீங்களும் பத்து நிமிஷம் தாமதம், உங்களுக்காக அடுத்த ஸ்டேஷனில் காத்திருக்கும் ரயிலும் தாமதம்.

சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் நெல் ரயில்களும் சேர்ந்துகொள்ளும். 42 வேகன், ஏறத்தாழ 2,000 டன் நெல், அரவைக்காக வெளி மாவட்டங்களுக்குப் போகும். இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, நம் வயலில் விளைந்தது மழையில் நனையாமல் போய்ச் சேர வேண்டும். அந்த ரயிலுக்கும் இதே ஒற்றைப் பாதையில்தான் இடம் கொடுக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது என்னென்ன சேவை உண்டு என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு மெயின் லைனில் சோழன், உழவன், செந்தூர் ரயில்கள் உண்டு. காரைக்கால், மன்னார்குடி ரயில்கள் மாயவரத்தில் திரும்பித் திருவாரூர் பக்கம் போகின்றன. 2023 ஏப்ரலில் தொடங்கிய தாம்பரம்–செங்கோட்டை ரயிலும், புதிய பாம்பன் பாலம் திறந்த 2025 ஏப்ரலில் தொடங்கிய தாம்பரம்–ராமேஸ்வரம் ரயிலும் அந்தப் பழைய ஜில்லா போர்டு பாதையில் திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை வழியாகவே போகின்றன. நம் முன்னோர் வரி கட்டிப் போட்ட பாதையில் இன்று சென்னை–ராமேஸ்வரம் ரயில் ஓடுகிறது என்பது எனக்குப் பெரிய நிறைவு. மின்மயமும் முடிந்துவிட்டது, விழுப்புரம்–தஞ்சாவூர், மயிலாடுதுறை–திருவாரூர் இரண்டும் சேர்த்து 228 கிலோமீட்டரை 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். உள்ளூர் ரயில் என்றால் விழுப்புரம், தஞ்சாவூர்–திருச்சி, திருவாரூர் பக்கம் போகிற பாசஞ்சர்கள்தான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்தியவற்றைத் திரும்ப விட்டபோது குறைந்தபட்சக் கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 30 ஆக்கினார்கள். 2024 பிப்ரவரியில்தான் அது மறுபடி 10 ஆயிற்று. அந்த இடைப்பட்ட காலத்தில் விட்டுப்போன அன்றாடப் பயணிகள் எல்லோரும் திரும்பவில்லை. நேரங்களை நான் இங்கே எழுதவில்லை, அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும். கிளம்புவதற்கு முன் ரயில்வேயின் என்டிஇஎஸ் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்பாதை வந்துவிட்டதே, மெமு, அதாவது தனி இன்ஜின் இல்லாத மின்சார ரயில், விட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். மெமு சீக்கிரம் வேகமெடுக்கும், கடைசி ஸ்டேஷனில் இன்ஜின் மாற்றிக் கட்ட வேண்டாம், உடனே திரும்பலாம். அது உண்மையான லாபம். ஆனால் எதிர் ரயிலுக்குக் காத்திருக்கிற நேரத்தை மெமு குறைக்காது. முழு இரட்டைப் பாதை வேண்டும் என்பது சரியான கோரிக்கை. அதற்குக் கொள்ளிடம் உட்படப் பாலங்கள், நிலம் எல்லாம் வேண்டும், வருஷங்கள் ஆகும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. மயிலாடுதுறை–கும்பகோணம் 31 கிலோமீட்டர், கும்பகோணம்–தஞ்சாவூர் 39 கிலோமீட்டர். இந்த எழுபது கிலோமீட்டரை மட்டும் முதலில் இரட்டையாக்கலாம், இது ஆற்றோடு போகிற பகுதி. அதுவும் தாமதமானால் ஹால்ட்டாகக் குறைத்த இடங்களில் லூப் லைனைத் திரும்பக் கொடுத்தாலே காலையும் மாலையும் கூடுதலாக ஒவ்வொரு ஜோடி ரயில் விட முடியும் என்பது என் மதிப்பீடு. கணக்கை அதிகாரிகள் போட்டுப் பார்க்கட்டும், எனக்குக் கையிலிருப்பது அனுபவம்.

உங்கள் ஊர்ப் பயணிகள் சங்கம் கோட்ட மேலாளருக்கு மனு கொடுக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். ‘கூடுதல் ரயில் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால், ‘பாதையில் இடமில்லை’ என்ற ஒரே பதில் வரும், அது பொய்யும் அல்ல. எந்த ஸ்டேஷனில் லூப் வேண்டும், எந்த நேரத்தில் கும்பகோணத்தில் இறங்க வேண்டும், எத்தனை பேர் சீசன் டிக்கெட் எடுக்கத் தயார் என்று எழுதுங்கள். கும்பகோணத்துக் கல்லூரி மாணவர்களையும், சிதம்பரத்துக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போகிறவர்களையும் கையெழுத்தில் சேருங்கள். சீசன் டிக்கெட் எண்ணிக்கை ஒன்றைத்தான் வணிகப் பிரிவு முதலில் பார்க்கும். மயிலாடுதுறை 2020ல் தனி மாவட்டமாகிவிட்டது, ஆட்சியர் அலுவலகத்துக்குக் குத்தாலம், சீர்காழி பக்கத்திலிருந்து தினமும் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் கேட்டு வாங்கிச் சேர்த்தால் மனுவுக்கு பலம். தரங்கம்பாடிப் பாதையைத் திரும்பக் கேட்பதைத் தனி மனுவாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், பெரிய செலவைக் காட்டிச் சின்ன வேலையையும் தள்ளிப்போட்டுவிடுவார்கள். மனுவின் வரைவை இங்கே போடுங்கள், இயக்கம் தொடர்பான வரிகளை நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.